எந்தப் பால்வாடியில் விடலாம்? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. மற்ற இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டீச்சர், நாங்கள் தாராசுரத்தில் இருக்கிறோம். வீட்டில் குழித்தறி. அவர் பட்டு நெய்கிறார், நான் நூல் சுற்றிக் கொடுக்கிறேன். மகளுக்கு வருகிற ஆனியில் மூன்று வயது முடிகிறது. வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம், தமிழ் அவளுக்கு அரைகுறை. கொஞ்சம் அசந்தால் தறிக்குழிக்குள் இறங்கிவிடுகிறாள், வேலையே ஓடவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு அங்கன்வாடி வாடகை வீட்டில் நடக்கிறது. பத்து நிமிஷம் நடந்தால் சொந்தக் கட்டடத்தில் இன்னொன்று, டைல்ஸ் தரை, சுவரெல்லாம் படம். இன்னும் கொஞ்சம் தள்ளி, அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்துக்குள் எல்.கே.ஜி. என்று போர்டு வைத்த மூன்றாவது. மாமியாரோ, "பால்வாடியில் சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான். கான்வென்ட்டில் போடு" என்கிறார். மூன்றில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, தாராசுரம்

பதில்: முதலில் மாமியாருக்குச் சொல்லிவிடுகிறேன். சோறு போட்டுத் தூங்க வைப்பது லேசான காரியம் இல்லை, அம்மா. நான் 1989இல் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்தேன். அந்த வருஷம் ஜூனில்தான் சத்துணவில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது வாரத்துக்கு மூன்று முட்டை, நடுவில் ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் உருளைக்கிழங்கு. தறி வீட்டில் காலையில் எழுந்ததும் வேலை தொடங்கிவிடும், பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

பால்வாடி என்ற பேரை மாமியார் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேரையும் அங்கன்வாடி என்ற பேரையும் வைத்தவர் தாராபாய் மோடக் என்ற அம்மையார். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஏழைப் பிள்ளைகளுக்காக வேலை செய்தவர். அங்கன் என்றால் முற்றம். முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்ததால் அந்தப் பேர். உங்கள் முன்னோர்கள் புறப்பட்டு வந்த பக்கத்துச் சொல்தான், மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. பணியாளராக இருந்து பிறகு மேற்பார்வையாளர் ஆனேன். என் பொறுப்பில் இருபத்தைந்து மையங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே துறை, ஒரே அரிசி, ஒரே சத்துமாவு, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற ஒரே பாடத்திட்டம். ஆனால் இருபத்தைந்தும் இருபத்தைந்து விதமாக இருந்தன. அதனால் "அங்கன்வாடி நல்லதா, எல்.கே.ஜி. நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

காலை பதினோரு மணி வாக்கில் போங்கள். சேர்க்கை நாளிலோ, விழா நாளிலோ, யாராவது அதிகாரி வருகிற நாளிலோ போகாதீர்கள். அன்றைக்கு எல்லா மையமும் அழகாக இருக்கும். நான் வருகிறேன் என்று தெரிந்தால் என்னென்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

உள்ளே போனதும் சுவரைப் பார்க்காதீர்கள், பீரோவைப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் குற்றவாளியே நான்தான். ஒரு மையத்தில் முன்பருவக் கல்விக்கான பொருட்கள் வந்து இறங்கின. மரக்கட்டைகள், மணிகள் கோக்கிற கம்பி, மிருக பொம்மைகள், படப் புதிர்கள். ஆறு மாதம் கழித்து நான் போனபோது எல்லாம் பீரோவுக்குள் பாலித்தீன் உறை கிழியாமல் இருந்தது. "ஏம்மா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலையா?" என்றேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உடைஞ்சு போனா ஸ்டாக்குல கணக்குக் காட்டணுமே மேடம். போன தடவ நீங்கதான ஒரு யானை குறையுதுன்னு எழுதிட்டுப் போனீங்க." எழுதியிருந்தேன். இருப்புப் பதிவேட்டில், சிவப்பு மையில். ஒரு பிளாஸ்டிக் யானைக்காக இருபது பிள்ளைகள் ஆறு மாதம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதிலிருந்து எங்கே போனாலும் உடைந்த பொம்மை இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். கால் போன குதிரை, பாதி தேய்ந்த கிரேயான், ஓரம் நைந்த படப்புத்தகம் இருந்தால் அந்த மையத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் சொல்கிற டைல்ஸ் தரை மையத்தில் எல்லாம் புத்தம் புதிதாக, எட்டாத உயரத்தில் அடுக்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சுவர்ப் படமும் அப்படித்தான். படங்கள் உங்கள் கண் மட்டத்தில் இருந்தால் அவை வந்து போகிற பெரியவர்களுக்காக ஒட்டியவை. உங்கள் மகள் இடுப்பு உயரத்தில் இருந்தால், அதுவும் அழுக்குக் கை பட்டுக் கறுத்திருந்தால், அங்கே டீச்சர் யோசித்து வேலை செய்கிறார்.

அடுத்தது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சமையல் எங்கே நடக்கிறது, வாசல் எத்தனை என்று பாருங்கள். கும்பகோணத்துப் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. அன்று நான் பாபநாசம் பக்கம் ஒரு மையத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். சேதி வந்ததும் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கே ஓட்டுக் கட்டடம்தான், பயமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னார்கள். ஆனால் வாடகை வீட்டில் நடக்கிற மையத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பக்கத்து வீடுகள் நீளமாக, ரேழி, கூடம், சமையல்கட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். பிள்ளைகளைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டு, நடுவில் அடுப்பு எரிந்தால் அது கூடாது. அடுப்பு பின்னால், பிள்ளைகள் தெருவாசல் பக்கம், நடுவில் மூடுகிற கதவு என்று இருந்தால் வாடகை வீடானாலும் பரவாயில்லை. சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. திறந்து பாருங்கள். பூட்டி இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

இப்போது பாஷை. உங்கள் கடிதத்தில் நீங்கள் பாதி வரியில் தாண்டிப் போனது இதுதான், ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாகம் எடுத்தால், ஒன்றுக்கு வந்தால், வயிறு வலித்தால் வீட்டுப் பாஷையில்தான் வாய் வரும். ஒரு நெசவாளர் தெருவில் எனக்குக் கிடைத்த அனுபவம்: ஒரு பையன் முதல் வாரம் முழுக்க அழுதான். டீச்சர் நல்லவர், அன்பானவர், தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார், பிஸ்கட் கொடுத்தார். அவன் கேட்டது தண்ணீர். அங்கே ஆயாவாக ஒரு சௌராஷ்டிர அம்மா மாற்றலாகி வந்த பிறகுதான் அது தெரிந்தது. இரண்டே மாதத்தில் அந்தப் பையன் தமிழில் கதை அளந்தான் என்பது வேறு விஷயம். பிள்ளைகள் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முந்திய அந்த ஒரு மாதத்துக்குத்தான் ஆள் வேண்டும். மூன்று மையத்திலும் உதவியாளர் யார், உங்கள் பாஷை அவருக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள். தெருவில் நடக்கிற மையம் என்றால், தெரிய வாய்ப்பு அதிகம். உங்கள் தூரத்து உறவாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, அந்த எல்.கே.ஜி. போர்டுக்கு வருவோம். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 அங்கன்வாடிகளில், அதாவது அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்துக்குள் இருக்கிற மையங்களில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். மாண்டிசோரி முறை என்று சொன்னார்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை, வழக்கெல்லாம் நடந்தது. 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் திரும்பப் பள்ளி வகுப்புகளுக்கே எடுத்துக்கொண்டு, வகுப்புகளை நிறுத்துவதாகச் செய்தி வந்தது. பெற்றோர் கொதித்ததும் சில நாளிலேயே வகுப்புகள் தொடரும் என்றார்கள். அப்புறம் தற்காலிக ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் போட்டார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், போர்டு அப்படியே இருக்கும், உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம். அதனால் அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்.கே.ஜி.க்கு டீச்சர் யார், அவர் எத்தனை மாதமாக இருக்கிறார்? "இருக்காங்க, இன்னிக்கு லீவு" என்று பதில் வந்தால் இன்னொரு நாள் போங்கள். இரண்டாவது முறையும் லீவு என்றால் புரிந்துகொள்ளுங்கள். நல்ல டீச்சர் நிலையாக இருந்தால் அந்த இடத்துக்குப் பெரிய அனுகூலம் உண்டு. அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு, அதே சிநேகிதர்கள், பிள்ளை மிரளாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து முதலமைச்சரின் காலை உணவும் கிடைக்கும்.

மூன்றையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது முறையில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், அடுப்பு விஷயம் சரியாக இருக்கிற பட்சத்தில், இந்த வருஷம் தெரு அங்கன்வாடியில் விடுவேன். முதல் மாதம் அவள் அழுதால் எழுந்து ஓடிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் அவள் இருப்பாள். அடுத்த வருஷம் நாலு வயது முடியும்போது, பள்ளி வளாகத்து டீச்சர் நிலைத்திருந்தால் யு.கே.ஜி.க்கு அங்கே மாற்றுவேன். ஐந்து முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு, அதனால் எதற்கும் அவசரமில்லை. டைல்ஸ் தரை மையத்தை நான் ஒதுக்கவில்லை. அங்கே கால் போன குதிரை ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள், மாற்றிச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் சென்னையில் இருக்கிறாள். பேரனை மூன்று வயதில் இங்கிலீஷ் நர்சரியில்தான் போட்டாள். வேன் வைத்து, டை கட்டி. முப்பது வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் பேரன். நான் ஒரு வார்த்தை சொன்னேன். "அம்மா, பக்கத்து அங்கன்வாடி எனக்கு எங்கே இருக்குன்னே தெரியாது" என்றாள். போய்ப் பார்த்தேன். நல்ல மையம். அவள் வீட்டிலிருந்து நாலாவது தெரு.

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. இரண்டு வருஷமாக அங்கன்வாடிக்குப் போகிறான். பாட்டெல்லாம் பாடுகிறான். பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் யு.கே.ஜி., ஏ முதல் இசட் வரை கோட்டுக்குள் எழுதுகிறான். என் மகனுக்கு 'அ' கூட வளைய வரவில்லை. ஏமாந்துவிட்டோமா? 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தால் கிடைக்குமா?
– ஒரு தந்தை, மயிலாடுதுறை

பதில்: ஒதுக்கீட்டை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில்தான் அந்த இடங்கள். மெட்ரிக், நர்சரிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பு பெரும்பாலும் எல்.கே.ஜி. அதற்கு மூன்று வயது முடிந்து நாலுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மகன் தாண்டிவிட்டான். ஒன்றாம் வகுப்பையே நுழைவு வகுப்பாக வைத்திருக்கிற பள்ளி உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், ஐந்து முடியும்போது முயலலாம். அதையே நம்பி இருக்காதீர்கள். 2025இல் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது, பாதி வருஷம் போய்விட்டது. இடம் கிடைத்தாலும் வேன் செலவு உங்கள் தலையில்தான்.

'அ' வளையாததற்கு இடத்தை மாற்ற வேண்டியதில்லை. எழுத்து வருவதற்கு முன் விரலுக்குப் பலம் வர வேண்டும். வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு உருண்டையை அவனிடம் கொடுங்கள். பாக்கு வெட்டியைத் தவிர எதை வேண்டுமானாலும் கொடுங்கள்: பட்டாணி உரிக்கட்டும், துணிக் கிளிப் மாட்டட்டும். நம் ஊரில் விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்போம் இல்லையா, அதை வருஷத்துக்கு ஒரு நாளோடு நிறுத்தாமல் வாரத்துக்கு நாலு நாள் செய்யுங்கள். மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டி, அதை விரலால் தடவச் சொன்னார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தவர். நம் அரிசித் தட்டைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

பாட்டு பாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பாட்டு? அதில் வருகிற சொற்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட ஆசையாக இருந்தால், இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். எதிர்த்த தெருவில் தனியார் நர்சரி வந்த பிறகு என் மையத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் பதினாலாகிவிட்டார்கள். பெற்றோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசும்போது மனது கஷ்டப்படுகிறது. எடை, உயரம், சத்துமாவு, செல்போன் செயலியில் பதிவு, வீடு வீடாகப் போவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இதற்கு நடுவில் நான் எப்போது பாட்டு சொல்லிக் கொடுப்பேன்?
– பெயர் வேண்டாம்

பதில்: நியாயமான கோபம், அம்மா. எதிர்த்த தெரு டீச்சருக்கு வாக்காளர் பட்டியல் கிடையாது. உன் வேலையைக் குறைக்க என்னால் ஆகாது, இருந்த காலத்திலேயே என்னால் ஆகவில்லை. செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன்.

நான் பார்த்த மையங்களில் ஒரு பெண் எடை போடும் நாளை வித்தியாசமாக நடத்துவாள். தொங்கும் தராசில் அந்தத் துணி ஜட்டியை மாட்டித் தூக்கினாலே பிள்ளைகள் வீறிடும் இல்லையா? அவள் தராசை வேப்பமரக் கிளையில், பெற்றோர் கண்ணில் படுகிற மாதிரித் தெருவோரமாகத் தொங்கவிடுவாள். எல்லாரும் வட்டமாக நின்று ஊஞ்சல் பாட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆட்டு, ஆட்டம் நின்றதும் எடை. பிள்ளைகள் வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும். தாய்மார்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். அவள் சத்தமாக, "உங்க பையன் போன மாசத்துக்கு இருநூறு கிராம் கூடியிருக்கான், அட்டைல பச்சைல இருக்கான் பாருங்க" என்று கூப்பிட்டுச் சொல்வாள். எதிர்த்த தெருவில் யாராவது பிள்ளையை எடை போடுகிறார்களா?

பதிவேட்டு வேலையை மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்துக்குத் தள்ளு. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை செல்போனை உதவியாளரிடம் கொடுத்துவிடு, மேலிடத்திலிருந்து போன் வந்தால் வகுப்பில் இருக்கிறாய் என்று அவர் சொல்லட்டும். பீரோச் சாவியையும் கதவிலேயே தொங்கவிடு. யானை குறைகிறது என்று யாராவது எழுதினால், "நர்சரிக்குப் போன எட்டுப் பிள்ளையும் குறையுது மேடம், அதையும் எழுதுங்க" என்று சொல்.